தேதி அக்காவின் ஒன்பது நாள்

ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைத்து, கிருமி நீக்கி, பொட்டலம் கட்டித் திருப்பி அனுப்பும் சலவைக் கூடம் அது. அங்கே அவளுக்குத் தேதி அக்கா என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது. காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு அவள்தான் சூப்பர்வைசர். பதினோரு வருஷமாக அதே ஷிஃப்ட், அதே நீராவி, அதே கணுக்கால் வலி.

ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் பச்சைத் துணிப் பொட்டலம் ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். சீட்டில் இரண்டு தேதிகள்: நீராவியில் போட்ட தேதி, காலாவதி ஆகும் தேதி. தேதி தாண்டிவிட்டால் பொட்டலத்தைப் பிரித்து முதலிலிருந்து துவைக்க அனுப்ப வேண்டும். உள்ளே துணி பளிச்சென்று இருந்தாலும் சரி, பேச்சே இல்லை. மற்றவர்கள் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பார்கள். அவள் அலமாரி ஓரமாக நடந்துகொண்டே கையை நீட்டி, நானூறு பொட்டலத்துக்கு நடுவில் இருக்கும் அந்த ஒன்றை உருவி எடுத்துவிடுவாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அதற்கு எங்கள் அக்காதான் உதாரணம் என்று பேக்கிங் பெண்கள் சிரிப்பார்கள்.

ஒருமுறை அவர்களில் ஒருத்தி கெஞ்சிப் பார்த்தாள்.

"இன்னும் மூணு நாள் இருக்கே அக்கா. இன்னைக்கு அனுப்பும்போது தேதி இருக்குல்ல?"

"நாம அனுப்புற தேதி கணக்கு இல்லம்மா. அவங்க பிரிக்கிற தேதிதான் கணக்கு. அதுவரைக்கும் உயிரோட இருக்கணும். பிரிச்சுடு."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அந்தப் பெண் பிரித்தாள். இப்படி ஊருக்கெல்லாம் தேதி சொன்னவள், தன் விஷயத்தில் எப்படிக் கோட்டை விட்டாள் என்பதுதான் இந்தக் கதை.

பதினோரு வருஷத்தில் அவளுக்கு மேலே மூன்று மேனேஜர்கள் வந்தார்கள். மூன்று பேரும் மேலாண்மைப் பட்டம் படித்தவர்கள். மூன்று பேருக்கும் எந்த வால்வைத் திறந்தால் நீராவி வரும், எந்த வால்வைத் திறந்தால் வேலை போகும் என்று சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். முதல் இருவரும் அதைக் கற்றுக்கொண்டு பெரிய இடங்களுக்குப் போய்விட்டார்கள். மூன்றாமவர் நல்ல மனிதர். அவர்தான் ஒருநாள், "நீங்களே அந்தப் படிப்பைப் படிச்சா என்ன?" என்று கேட்டார். சும்மா பேச்சுக்குக் கேட்டாரோ என்னவோ, அவளுக்கு அது முள்ளாகத் தைத்துவிட்டது.

படிப்பு ஒரு வருஷம். கல்லூரி ரயிலில் நான்கு மணி நேர தூரம். படிக்கப் போகிறவர்களுக்குக் கம்பெனி ஒரு வருஷம் விடுப்பு கொடுக்கும், திரும்பி வந்தால் வேலையும் இருக்கும். ஆனால் முப்பத்தெட்டு வயதுக்குள் விண்ணப்பம் போட்டிருக்க வேண்டும். அவள் இதைத் தொடங்கியபோது முப்பத்தைந்து முடிந்திருந்தது. பரீட்சை இரண்டு. ஒன்று கணக்கும் தர்க்கமும் கலந்த நுழைவுத் தேர்வு. இதை வீட்டில் 'பெரிய பரீட்சை' என்றார்கள். இன்னொன்று ஆங்கிலம் படிக்க, எழுத, கேட்க, பேச வருமா என்று பார்க்கும் தேர்வு. கல்லூரி அதில் ஏழு கேட்டது.

பயிற்சி மையத்து மாஸ்டர் யோசனை சொன்னார். "ஈஸியானதை முதல்ல முடிச்சுடுங்க மேடம். மனசுக்குத் தெம்பா இருக்கும்." அவளும் முடித்தாள். முதல் முயற்சியிலேயே ஏழரை. வீட்டுக்காரர், லிஃப்ட் மெக்கானிக், அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏழரை நமக்கு ஆகாதே" என்று சொல்லிச் சிரித்தார். மதிப்பெண் தாள் பிளாஸ்டிக் உறைக்குள் போய், பீரோவில் படுக்கை விரிப்புகளுக்கு அடியில் படுத்துக்கொண்டது. அந்தப் பக்கம் இனிக் கவலையில்லை என்று அவள் பெரிய பரீட்சைக்குத் திரும்பினாள்.

பெரிய பரீட்சை லேசில் மசியவில்லை. அதில் ஒரு வகைக் கேள்வி உண்டு. கணக்கைக் கொடுத்து இரண்டு தகவலும் கொடுப்பார்கள். விடையைச் சொல்லக் கூடாது. விடை கண்டுபிடிக்க அந்தத் தகவல் போதுமா, போதாதா என்று மட்டும் சொல்ல வேண்டும். எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வருகிறவளுக்கு இது என்ன விளையாட்டு என்று கோபம்தான் வரும். மதியம் மூன்று மணிக்குச் சாப்பாட்டு மேசையில் புத்தகத்தை விரிப்பாள், கால்களை வாளித் தண்ணீரில் வைத்துக்கொள்வாள். ஐந்து மணிக்குத் தண்ணீரும் ஆறியிருக்கும், மூளையும் ஆறியிருக்கும். பிள்ளை குட்டி இல்லாத வீடு. அதைப் பற்றிக் கேட்டு ஓய்ந்த சொந்தக்காரர்கள் இப்போது, "இந்த வயசுல எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள்.

வீட்டுக்காரர் அந்தக் கேள்வி வகையைப் பிடித்துக்கொண்டார். அவள் எதைக் கேட்டாலும் அதே பதில்தான்.

"குழாய் எப்போ சரி பண்ணுவீங்க?"

"கொடுத்த தகவல் போதாது."

"என்ன தகவல் வேணும்?"

"எந்தக் குழாய், எவ்வளவு ஒழுகுது, பொண்டாட்டி எவ்வளவு கோபமா இருக்கா."

முதல் தடவை பெரிய பரீட்சையில் மதிப்பெண் குறைந்தது. இரண்டாவது தடவை ஏறியது, ஆனால் போதவில்லை. மூன்றாவது தடவை, சாண் ஏற முழம் சறுக்கி, முதல் தடவையை விடக் கீழே போனது. அன்று அவள் அழவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். இந்த இரண்டு வருஷத்தில் அவள் பகலில் படுத்தது ஒரே ஒரு நாள்தான், கொதிகலன் பழுதாகி எல்லோரையும் பதினோரு மணிக்கே வீட்டுக்கு அனுப்பிய நாள். மற்ற நாளெல்லாம் துணி, புத்தகம், தூக்கம், மறுபடி துணி.

நான்காவது தடவை கிடைத்துவிட்டது. கல்லூரி கேட்டதற்கு மேலேயே பத்து மதிப்பெண். அப்போது அவளுக்கு முப்பத்தேழு முடிந்து பத்து மாதம். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் மார்ச் பதினைந்து. இன்னும் ஒரு மாதம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துவிட்டு, மடிக்கணினியைத் திறந்து, கல்லூரியின் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தாள். பெயர், வயது, வேலை, பெரிய பரீட்சை மதிப்பெண் எல்லாம் போட்டாள். பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்து ஆங்கிலத் தேர்வு எழுதிய தேதியையும் போட்டாள். கட்டம் சிவப்பாக மாறியது.

தவறாகப் போட்டுவிட்டோம் என்று அழித்து மறுபடி போட்டாள். மறுபடியும் சிவப்பு. கீழே இரண்டு வரி இருந்தது. ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் இரண்டு ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும், விண்ணப்பத்தின் கடைசி நாளன்று அது செல்லுபடியாக இருக்க வேண்டும். அவளுடையது மார்ச் ஆறோடு முடிகிறது. ஒன்பது நாள் இடிக்கிறது.

தாளைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் பொடி எழுத்தில் அதேதான் அச்சடித்திருந்தது. நானூறு பொட்டலத்தில் ஒன்றை உருவுகிற கண், இந்தத் தாளில் ஏழரையை மட்டும் பார்த்துவிட்டு உள்ளே வைத்திருக்கிறது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. அவளுக்குத் தன்மேல் வந்த வெறுப்பு கொஞ்சநஞ்சமல்ல. குளித்த தலை காயும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்காரர் வந்து பார்த்தார். விஷயத்தைக் கேட்டார். இந்தத் தடவை கிண்டல் வரவில்லை.

"இன்னைக்குத் தேதி என்ன? பிப்ரவரிதானே? இன்னைக்கு அது செல்லும்ல? இன்னைக்கே அனுப்பிடு."

"நான் அனுப்புற தேதி கணக்கு இல்லைங்க." தாளைத் திரும்ப உறைக்குள் செருகினாள். "அவங்க பிரிக்கிற தேதிதான் கணக்கு."

மறுநாள் மேனேஜரும் கேட்டுவிட்டு, "ஒன்பது நாள்தானே, எழுதிக் கேளுங்க, மனுஷங்கதானே அங்கேயும் இருக்காங்க" என்றார். அவளுக்கு நம்பிக்கை இல்லை. இருந்தாலும் எழுதினாள். இரண்டு நாளில் மூன்று வரியில் பதில் வந்தது. நிலைமை புரிகிறது, வருந்துகிறோம், விதியைத் தளர்த்த இயலாது. அந்த மூன்று வரியை அவர்கள் எழுதியிருக்கவே வேண்டாம், அவளைக் கேட்டிருந்தால் அவளே எழுதிக் கொடுத்திருப்பாள். இத்தனை வருஷத்தில் எத்தனை பேரிடம் அதைச் சொல்லியிருக்கிறாள்.

ஒரே வழிதான் இருந்தது. ஆங்கிலத் தேர்வை மறுபடி எழுத வேண்டும். பிப்ரவரி கடைசி வாரத்தில் ஒரு இடம் கிடைத்தது. பத்து நாளில் முடிவு வரும். இதில் ஏழு வராவிட்டால் இன்னொரு தேர்வுக்கு நேரம் இல்லை, அடுத்த வருஷம் விடுப்புக்கு வயது இல்லை. அவள் அதை யாரிடமும் விளக்கிச் சொல்லவில்லை. வீட்டில் இருவருக்கும் தெரியும்.

படிப்பது, கேட்பது பழக்கத்தில் வந்துவிடும். பேச்சுதான் பயம். அங்கே ஒரு அட்டையைக் கொடுப்பார்கள், யோசிக்க ஒரு நிமிஷம், பிறகு இரண்டு நிமிஷம் நிறுத்தாமல் பேச வேண்டும். இதற்கு மாஸ்டரிடம் ஒரு வைத்தியம் இருந்தது. பன்னிரண்டு பதிலை நெட்டுருப் போட்டால் நாற்பது கேள்வியைச் சமாளிக்கலாம் என்பார். அதில் ராஜா மாதிரி ஒரு பதில், கடற்கரைப் பயணம். மகிழ்ச்சியான நாளா, மறக்க முடியாத பயணமா, நெருங்கிய தோழியா, பிடித்த புகைப்படமா, எல்லாவற்றுக்கும் கடல்தான். அந்த மையத்தில் படித்த அத்தனை பேரும் மூன்று தோழிகளோடு அதே கடலுக்குப் போய், அதே மழையில் நனைந்து, அதே குடையைக் காற்றுக்குப் பறிகொடுத்து வந்தவர்கள்தான்.

சாயங்காலம் ஏழு மணிக்கு, கையில் கிரீஸ் வாசனை போகாமலே வீட்டுக்காரர் தேர்வாளர் நாற்காலியில் உட்காருவார். அட்டையில் விரல் வைத்து எழுத்துக் கூட்டி வாசிப்பார். செல்போனில் இரண்டு நிமிஷம் வைப்பார். அவள் கடலுக்குக் கிளம்புவாள்.

முதல் நாள் முடித்ததும் அவர் கேட்டார். "நாம எப்போ கடலுக்குப் போனோம்?"

"போகல. இது பதிலுக்காக."

"நீயாவது போயிருக்கியா?"

"இல்லை."

"அந்த மூணு பேர் யாரு?"

"யாரும் இல்லைங்க. மாஸ்டர் கொடுத்தது."

அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "சரி. அப்போ நான் எங்கே போனேன்?"

"நீங்க அதுல இல்லை. உங்களைச் சேர்த்தா ரெண்டு வாக்கியம் கூடும், நேரம் போதாது."

அரைத்த மாவையே அரைத்ததில் அவருக்கே அந்தக் கடல் மனப்பாடம் ஆகிவிட்டது. அவள் குடையை விட்டுவிட்டால், "குடை, குடை" என்று நினைவூட்டுவார். ஒருநாள் அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே உட்கார்ந்தபடி தூங்கிப்போனாள். அட்டையைக் கையில் பிடித்தபடி அவரும் தூங்கிவிட்டார். செல்போன் பாட்டுக்கு மணி அடித்து ஓய்ந்தது.

தேர்வு நாள் சனிக்கிழமை. காலையில் எழுத்துத் தேர்வு முடிந்தது. கட்டுரையில் ஒரு பத்தி அவசரத்தில் அலங்கோலமாகப் போனதை அவள் அறிவாள். மதியம் பேச்சுத் தேர்வு. சிறிய அறை, ஒரு மேசை, பதிவு செய்யும் கருவி, ஒரு பெண்மணி. வேலையைப் பற்றி, வீட்டைப் பற்றி நாலு கேள்வி கேட்டுவிட்டு அட்டையை நகர்த்தினாள். பென்சிலும் வெள்ளைத் தாளும் கொடுத்தாள்.

நீங்கள் மகிழ்ச்சியாகக் கழித்த ஒரு நாளைப் பற்றிச் சொல்லுங்கள். எப்போது, எங்கே, யாரோடு, ஏன் அது மகிழ்ச்சி தந்தது.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. தாளில் கடல், மூன்று, மழை, குடை என்று எழுதினாள். ஒரு நிமிஷம் முடிந்தது. பேசத் தொடங்கினாள். முதல் வாக்கியம் வழுக்கிக்கொண்டு வந்தது, இரண்டாவதும் வந்தது. எதிரில் இருந்த பெண்மணியின் முகத்தில் ஒரு களைப்பு தெரிந்தது. காலையிலிருந்து அந்தக் கடலுக்கு இது எத்தனையாவது பயணமோ. தேதி அக்காவுக்கு அந்தக் களைப்பு நன்றாகத் தெரியும், அது அவளுடைய முகத்திலும் தினமும் இருப்பதுதான். மூன்றாவது வாக்கியத்தில் நின்றுவிட்டாள்.

மனதில் வந்தது ஒன்றே ஒன்று: இந்தப் பொட்டலம் நான் கட்டியதில்லை, இதன்மேல் என் சீட்டை ஒட்டி அனுப்புகிறேன்.

"மன்னிக்கணும்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "நான் கடலைப் பார்த்ததே இல்லை. வேற ஒரு நாளைச் சொல்றேன்."

இப்படிச் செய்யச் சொல்லி யாரும் அவளிடம் கேட்கவில்லை. செய்தது புத்திசாலித்தனமும் இல்லை. கொதிகலன் பழுதான நாளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். அதற்கு ஒத்திகை கிடையாது. சொற்கள் கைக்கு அகப்படவில்லை. கொதிகலனுக்கு ஆங்கிலம் வந்தது, கணுக்காலுக்கு வரவில்லை, தன் காலைத் தொட்டுக் காட்டினாள். இரண்டு இடத்தில் நின்றாள். பதினோரு மணிக்கு வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததுவரை வந்திருந்தாள், அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. பெண்மணி நன்றி சொன்னாள். முன்பைவிட நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

வீட்டுக்காரர் வாசலில் காத்திருந்தார்.

"என்ன கேட்டாங்க?"

"சந்தோஷமான நாள்."

அவர் முகம் மலர்ந்தது. "அப்புறம் என்ன? குடையைச் சொன்னியா?"

"கடலைச் சொல்லல. பாதியில விட்டுட்டேன்."

பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகு, "ஏன்?" என்று மட்டும் கேட்டார். களைப்பாக இருக்கிறது என்றாள். அது பொய்யில்லை.

அடுத்த பத்து நாளும் இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவள் பொட்டலங்களை உருவினாள், பிரிக்கச் சொன்னாள். ஒரு நாள் தேதி பார்க்கும்போது கண் கலங்கி எண் இரண்டாகத் தெரிந்தது. முட்டாள்தனமான ஒரு நிமிஷத்துக்காக இரண்டு வருஷத்தைத் தூக்கிப் போட்டுவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். யாருக்கு என்ன நஷ்டம், எல்லோரும் போகிற கடலுக்கு நீயும் போய்விட்டு வந்திருந்தால்.

மார்ச் ஒன்பதாம் தேதி மதியம் முடிவு வந்தது. கேட்டல் ஏழரை. வாசிப்பு ஏழு. எழுத்து ஆறரை. பேச்சு ஆறரை. போன தடவை பேச்சில் எட்டு வாங்கியிருந்தாள், கடல் தந்த எட்டு. இந்தத் தடவை ஒன்றரை போய்விட்டது. அவள் கணக்குப் போடப் பயந்து, வீட்டுக்காரர் வரும்வரை மூடி வைத்தாள். அவர் வந்து கீழே உருட்டிப் பார்த்தார். நான்கையும் கூட்டிச் சராசரி எடுத்து, அவர்கள் வழக்கப்படி அருகிலுள்ள அரை மதிப்பெண்ணுக்குத் தள்ளி, மொத்தம் ஏழு என்று போட்டிருந்தது. சரியாக ஏழு. கொசுறு ஒன்றும் இல்லை.

"போதுமா?" என்றார் அவர்.

"போதும்."

"தகவல்?"

"தகவலும் போதும்." அவள் சிரிக்கப் பார்த்தாள், அழுகைதான் வந்தது.

அன்று சாயங்காலமே படிவத்தை நிரப்பினார்கள். புதிய தேதியைப் போட்டதும் கட்டம் சிவக்கவில்லை. அனுப்பு என்ற பொத்தானை அவரை அழுத்தச் சொன்னாள். அவர் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அழுத்தினார். இடம் கிடைக்குமா கிடைக்காதா என்பது ஜூன் மாதம்தான் தெரியும். அவளுக்கு அன்றைக்கு அதற்கு மேல் எதையும் எதிர்பார்க்கத் தெம்பில்லை. மதிப்பெண் தாளின் அடியில் காலாவதி தேதியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்தாள்.

கேள்வி அட்டைகளை ரப்பர் போட்டுக் கட்டிக்கொண்டே அவர் சொன்னார். "இருந்தாலும் அந்தக் கடலை நீ விட்டிருக்கக் கூடாது. எனக்குப் பிடிச்சுப் போச்சு. அந்தக் குடை பறக்கிற இடம் நல்லா இருக்கும்."

"ம்."

"அதுக்குப் பதிலா என்னதான் சொன்னே?"

"கொதிகலன் நின்னுபோன நாள். எங்களைச் சீக்கிரம் அனுப்பிட்டாங்களே, அன்னைக்கு."

"அதுல சந்தோஷம் என்ன இருக்கு?"

"கதவைத் திறந்தா நீங்க வீட்டுல இருந்தீங்க. உங்களுக்கும் அன்னைக்கு வேலை இல்லை. அதைச் சொல்றதுக்குள்ள நேரம் முடிஞ்சிடுச்சு."

அவர் ரப்பரை இழுத்தபடியே நின்றார். "அப்போ இதுல நான் வர்றேனா?"

"வர்றீங்க."

"வந்து என்ன பண்றேன்?"

"தூங்குறீங்க," என்றாள். "நானும் பக்கத்துல படுத்துத் தூங்கிட்டேன். எழுந்தப்போ சாயங்காலம் ஆயிடுச்சு."